முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்

விளக்கு சிமிட்டியது.

கடையில் அப்போது யாரும் இணையத்தைத் தொடவில்லை. லேப்டாப் மேசைமேல் சும்மா திறந்து கிடந்தது. அதோடு ஒரே ஒரு போன் வயரில் மாட்டியிருந்தது. ஆனாலும் மோடத்தின் நீல விளக்கு விடாமல் சிமிட்டியது, யாரிடமோ எதையோ அவசரமாகப் போட்டுக்கொடுப்பதைப் போல.

ட்வீசர் போனைக் கழற்றினான். விளக்கு நின்றது. மாட்டினான். சிமிட்டியது. கழற்றினான். நின்றது.

ஏழாவது முறை மாட்டிவிட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

ட்வீசர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் எப்போதும் சின்னத் திருகாணிகளைப் பிடிக்கும் ஒரு ட்வீசரைக் குத்தி வைத்திருப்பதால் தெரு வைத்த பெயர். பதினோரு வருடமாகப் போன் ரிப்பேர். உடைந்த திரை, தண்ணீர் குடித்த போர்டு, மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் பார்ப்பான். பாஸ்வேர்டு மறந்த போனையும், லோகோவிலேயே உறைந்து நிற்கும் போனையும் எழுப்ப ஒரு மென்பொருள் வேண்டும். ஒரிஜினல் என்றால் கூடவே ஒரு சின்னக் கருவி தருவார்கள். அதைச் செருகினால்தான் ஓடும். கடையை விற்றால் அதை வாங்கலாம். வாங்கியபின் அதை வைத்து வேலை பார்க்கக் கடை இருக்காது.

ரிப்பேர்காரர்கள் குரூப்பில் முகம் தெரியாத ஒரு புண்ணியவான், கருவி இல்லாமலே ஓடும் திருட்டுப் பதிப்பைச் சும்மாவே கொடுத்திருந்தான். கூடவே ஒரு குறிப்பு: ‘முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும். பிறகு தொடங்கவும்.’

வீட்டுக்கு வருகிறவன் வாசலிலேயே நின்று, முதலில் நாயைக் கட்டிப்போடுங்கள் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். ட்வீசருக்கும் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

இப்போது லேப்டாப்பைக் குடைந்தபோது, எங்கோ ஒரு மூலையில் மறைந்திருந்த கோப்புப் பெட்டி ஒன்று அகப்பட்டது. அதற்குள் நாற்பத்தொரு சின்னப் பெட்டிகள். இந்த ஐந்து மாதத்தில் அந்த மென்பொருளால் அவன் எழுப்பிய நாற்பத்தொரு போன்கள். ஒவ்வொன்றிலும் போட்டோ, தொலைபேசி எண்கள், மெசேஜ்கள், அந்தப் போன் இரவில் எங்கே தூங்கும் என்கிற விவரம். எல்லாம் நகலெடுத்து, ஒழுங்காக அடுக்கி, ஏதோ ஒரு முகவரிக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தது.

பதினேழாவது பெட்டியைத் திறந்தவன் முதல் போட்டோவைப் பார்த்ததும் மூடினான். அது மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் போன்.

எட்டு மாதம் முன்பு ஒரு பெண் குழந்தையோடும் ஒரு தையல் மெஷினோடும் மாடிக்குக் குடிவந்தவர். புருஷன் அடித்த அடியில் இடது கை இன்னும் முழுசாக மடங்காது. அவன் தேடிக்கொண்டிருக்கிறான், கண்டுபிடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பது இந்தத் தெருவில் மூன்று பேருக்குத்தான் தெரியும். போனைக் கொடுத்த அன்றைக்கு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதுல இருக்கறது யாருக்கும் போகாதுல்ல அண்ணா? ட்வீசர் நெஞ்சில் கைவைத்து, நான் பொறுப்பு என்றான்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் கையில் எடுக்க மாட்டாள். அவனையும் இப்போது அப்படித்தான் பார்த்தாள்.

“மொதல்ல மாடிக்குப் போய் சொல்லுங்க.”

சொன்னால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றான். அதைவிட நல்ல வழி இருக்கிறது. அரசின் தகவல் தூய்மை இயக்ககத்தில் புகார் கொடுத்தால், தகவல் போய்ச்சேரும் அந்த முகவரியை அவர்கள் முடக்கிவிடுவார்கள். காதும் காதும் வைத்த மாதிரி விஷயம் முடிந்துவிடும்.

“யாருக்கு முடியும்? உங்களுக்கா, அவங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தூக்குப்பாத்திரத்தை மூடிக்கொண்டு போனாள்.

தகவல் தூய்மை இயக்ககத்தின் வாசலில் பெரிய பலகை இருந்தது. ‘சந்தேகமா? தயங்காமல் வந்து சொல்லுங்கள்.’ அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘சொல்ல வருபவர்கள் அனைவரும் சந்தேகத்துக்கு உட்பட்டவர்கள்.’

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. தகவல் கசிந்துவிடுமாம். வாயில் காவலர் ஒவ்வொருவரின் போனையும் வாங்கித் துணிப்பையில் போட்டு, சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளில் மாட்டினார். மாட்டுவதற்கு முன் பாஸ்வேர்டைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பைமேல் குத்தினார். எதற்கு என்று ட்வீசர் தயங்கினான். நீங்கள் உள்ளே இருக்கும்போது போன் அடித்தால் யார் எடுப்பது என்று காவலர் திருப்பிக் கேட்டார். பாதுகாப்பு விஷயத்தில் இந்த இயக்ககம் சமரசம் செய்துகொள்வதே இல்லை என்றும் சொன்னார். சுவரில் அறுபது எழுபது பைகள் தொங்கின. எல்லாவற்றின் மேலும் சீட்டு இருந்தது.

அடுத்தது உறுதிமொழி. வெல்வெட் துணி போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று மேடைமேல் இருந்தது. அதன் முன்னால் வலதுகையை நீட்டி, ‘நகலைத் தொடேன், நகலைப் பாரேன்’ என்று சொல்ல வேண்டும். உறுதிமொழித் தாள் நகலின் நகலுக்கு எடுத்த நகலாக இருந்ததால் மூன்றாவது வரிக்குமேல் எழுத்து தெரியவில்லை. எல்லோரும் அந்த இடத்தில் உதட்டை மட்டும் அசைத்தார்கள். ட்வீசரும் அசைத்தான்.

பிரிவு அலுவலர் அவன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறாரோ என்று அவன் நிறுத்தினால், ம் என்றார். முடித்ததும் எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைத் தள்ளினார். முதல் கேள்வியே ‘மென்பொருள் வாங்கிய பில் எண்’.

திருட்டு மென்பொருளுக்கு யார் சார் பில் கொடுப்பார்கள் என்றான் ட்வீசர்.

“பில் இல்லாத பொருளை நாங்க எப்படிய்யா திருட்டுன்னு சொல்றது? பில் இருந்தாத்தானே அது போலி பில்லான்னு பார்க்க முடியும்.”

நாலாம் பக்கத்தில் ‘பாதிக்கப்படக்கூடியவர் பட்டியல்’ இருந்தது. நாற்பத்தொரு பேரின் முகவரி, எண், ‘யாரால் ஆபத்து’, ‘ஏன்’. பதினேழாம் வரிசையில் ட்வீசரின் பேனா நின்றது. காலி விட்டால் புகார் செல்லாது என்றார் அலுவலர். இங்கே வருகிற தகவல் வெளியே போகாது, சுவருக்குக்கூடத் தெரியாது என்றார். எழுதினான். தையல்காரம்மாவின் முகவரியை எழுதினான். யாரால் ஆபத்து என்கிற இடத்தில் புருஷன் பெயரையும் எழுதினான். அலுவலர் அதை வாங்கி, பக்கத்துக் கம்ப்யூட்டரில் உடனே தட்டச்சு செய்ய வைத்தார்.

“சார், அந்த முகவரியை மட்டும் இன்னிக்கே முடக்கிட்டீங்கன்னா போதும். ஒரு நிமிஷ வேலைதானே.”

“ஒரு நிமிஷ வேலைதான். அந்த ஒரு நிமிஷம் எப்ப வரணும்னு முடிவு பண்ணத்தான் இங்க நூத்துப்பத்து பேர் உக்காந்திருக்கோம்.”

கடைசியாக ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம். விசாரணை முடியும்வரை இந்த விஷயத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் கடைக்குச் சீல். பாதிக்கப்பட்டவருக்கே தெரியக்கூடாதா என்று கேட்டான். தெரிந்தால் பீதி வரும், பீதி வந்தால் இங்கே கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வேலை எப்படி நடக்கும் என்று அலுவலர் விளக்கினார். வெளியே சொல்ல முடியாது என்பது ட்வீசருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியாகவும் இருந்தது. அதை அவன் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டான்.

திருட்டு மென்பொருளைப் போட்டு அவன் கொண்டுவந்திருந்த பென் டிரைவை அரக்கு முத்திரை வைத்த உறையில் போட்டார்கள். வைரஸ் இருக்கலாம் என்பதால் அதற்கு ஐந்து நாள் தனிமை. தனி அறை. அறைக்கு வெளியே முகக்கவசம் போட்ட ஒரு காவலர் உட்கார்ந்து, காலையும் மாலையும் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து ‘நிலைமையில் மாற்றமில்லை’ என்று பதிவேட்டில் எழுதினார். ட்வீசர் தினமும் போய்க் கேட்டான். தினமும் நிலைமையில் மாற்றமில்லை.

மூன்றாம் நாள் தையல்காரம்மா படியிறங்கி வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. புது எண் ஒன்றிலிருந்து காலையிலிருந்து நாலு தடவை போன் வந்ததாம். எடுத்தால் யாரும் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

“போன்ல ஏதும் கோளாறு இல்லையே அண்ணா?”

ட்வீசர் கையிலிருந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. சீல் ஞாபகம் வந்தது.

“நெட்வொர்க் பிரச்சினைதான்க்கா. எல்லாருக்கும் வருது.”

அவர் இரண்டு வினாடி கூடுதலாக நின்றார். அவனை நம்பிப் போனாரா, நம்பாமல் போனாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று அவன் மூன்று ஸ்க்ரூவைத் தொலைத்தான்.

ஏழாம் நாள் விசாரணை. பிரிவு அலுவலர் கையுறை போட்டுக்கொண்டு பென் டிரைவைச் செருகினார். திரையில் முதலில் வந்தது அந்தக் குறிப்புதான். ‘முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும். பிறகு தொடங்கவும்.’ அவர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதுல எழுத்துபூர்வமா ஒரு அறிவுறுத்தல் இருக்கு.”

“சார், அதுதான் சார் பொறியே. அணைக்காதீங்க.”

“நீங்க சொல்றது வாய்மொழி. இது எழுத்து.”

அணைத்தார். எந்தக் கம்ப்யூட்டர் என்று குறிப்பில் தனியாகச் சொல்லாததால், எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை போனது. அரை மணி நேரத்தில் ஒவ்வொரு அறையிலிருந்தும் ‘அணைக்கப்பட்டது’ என்று கையெழுத்திட்ட தாள் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் அறைக் குமாஸ்தா மட்டும் ஆன்டிவைரஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் மின்விசிறியையும் சேர்த்து அணைத்திருந்தார். அந்த இயக்ககத்தில் ஒரு உத்தரவு ஒரே நாளில் நிறைவேறியது அதுவே முதல்முறை என்று பக்கத்தில் இருந்தவர் பெருமையோடு சொன்னார்.

அடுத்து, நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று திரை கேட்டது. அதுவும் எழுத்தில்தான் இருந்தது. இயக்குநரை அழைத்து வந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரிப்பன் வெட்டுகிற முகத்தோடு ஒரு விரலால் ‘ஆம்’ என்பதை அழுத்தினார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

சோதித்துப் பார்க்கப் போன் வேண்டுமே. வாயிலில் அறுபது பைகள் தொங்குகின்றன, பாஸ்வேர்டும் பைமேலேயே இருக்கிறது என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். கூடை கூடையாக வந்து இறங்கின. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார்கள். பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. மென்பொருள் எல்லாவற்றையும் திறந்தது. பிரிவு அலுவலரின் மேசை இழுப்பறையில் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய போனும் திறந்தது. அவர் கண்கலங்கினார். அதற்குப் பிறகு வரிசை நின்றது. தன் போன், சம்சாரத்தின் போன், மாமியாரின் போன் என்று ஆளுக்கு ரெண்டு மூன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ட்வீசர் அறை மூலையில் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தான். இயக்ககத்தின் மொத்த இணையமும் அதற்குள்ளிருந்துதான் போகும். உள்ளே ஐம்பது நீல விளக்குகள். ஐம்பதும் சிமிட்டின.

“சார், எல்லாம் வெளிய போகுது சார். உங்க கோப்பு எல்லாம் போகுது.”

இயக்குநர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பதினாலு வருடத்தில் இந்தக் கருவிகள் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து தாம் பார்த்ததே இல்லை என்றார். பிறகு எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

“இந்த இயக்ககம் தொடங்கி இதுவரைக்கும் ஒரு புகார்கூட நிரூபணம் ஆனதில்ல. ஏன்? வெளிய திருட்டு இல்லாமலா? நம்ம விசாரணை அவ்வளவு கறார். இன்னிக்கு இந்த மென்பொருளைச் சோதிச்சோம். ஒரு போன்கூட தப்பிக்கல. நாம ஒரிஜினல்னு வாங்கினது மூணு வருஷமா ஒண்ணைக்கூட திறந்ததில்ல. இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எதைய்யா போலின்னு சொல்றது?”

கைதட்டல் அடங்கியதும் தீர்ப்பு தட்டச்சானது. மென்பொருள் ஒரிஜினல் என்று சான்றளிக்கப்படுகிறது. இயக்ககத்தின் எல்லாப் பிரிவுகளிலும் அதை நிறுவ வேண்டும். புகார் தள்ளுபடி. முடக்கச் சொன்ன முகவரிக்கு அலுவலகத்திலிருந்தே இவ்வளவு தகவல் போவதால், அது நம்பகமான முகவரிகள் பட்டியலில் சேர்க்கப்படுகிறது.

ட்வீசர் பக்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். ஒரு வாரம் முன்பு அவனுடைய நாலாம் பக்கத்தைத் தட்டச்சு செய்த அதே கம்ப்யூட்டர். அதிலும் ஆன்டிவைரஸ் அணைந்திருந்தது. இதுவரை போனது போட்டோவும் எண்களும் இடமும்தான், அவர் ஒளிந்திருக்கிறார் என்பது அதில் இல்லை. வாங்கியவனுக்கு அது ஆயிரத்தில் ஒரு குப்பை. இப்போது போவது பட்டியல். இவர் யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறார், ஏன், எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில். யாரிடம் விற்றால் காசு வரும் என்பதையும் அவனே தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தான்.

கூடையிலிருந்து தன் போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். கடையைத் திறக்கவில்லை. நேரே மாடிப்படி ஏறினான்.

தையல்காரம்மா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மென்பொருள், பட்டியல், பதினேழாம் வரிசை, புருஷன் பெயர். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“எட்டு நாளாச்சுக்கா.”

“நான் கீழ வந்து கேட்டேன்ல.”

“கேட்டீங்க.”

“நெட்வொர்க்குன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

அவர் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தார்.

“தள்ளி நில்லுங்க. பெட்டி எடுக்கணும்.”

பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றார். வண்டி பிடித்து வருகிறேன் என்றான். நீங்க பிடிச்ச வண்டி எனக்கு வேண்டாம் என்றார். ஒரு மணி நேரத்தில் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூட்டிக்கொண்டு, மெஷினின் தலையை மட்டும் ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிம்மைப் பிடுங்கிய போன் மாடிப்படியில் கிடந்தது. எங்கே போகிறார் என்று அவன் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்திருந்தது.

மற்ற நாற்பது பேரையும் அன்றைக்கும் மறுநாளும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் சட்டையைப் பிடித்தார். நாலைந்து பேர், போனால் போகட்டும், திரைமேல் ஒரு கண்ணாடி சும்மா ஒட்டிக்கொடு என்றார்கள். ஒருவர் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், அந்த மென்பொருளால் பக்கத்து வீட்டுக்காரர் போனைத் திறக்க முடியுமா என்று கிசுகிசுத்தார்.

மூன்றாம் நாள் காலை கடைக்கு ஒரு ஆள் வந்தான். கட்டம் போட்ட சட்டை. குரலில் தேன் வழிந்தது. மாடியில் தையல்காரம்மா ஒருத்தர் இருக்கிறார்களாமே, கதவு பூட்டியிருக்கிறதே என்று கேட்டான். சரியான முகவரிதானா என்று பார்க்கச் சொல்லித் தன் போனை நீட்டினான். திரையில் ட்வீசர் எழுதிக் கொடுத்த பட்டியல் இருந்தது. பதினேழாம் வரிசை மஞ்சளாக்கப்பட்டிருந்தது. அதில் புருஷன் பெயரை மட்டும் அவன் கட்டைவிரலால் மறைத்திருந்தான். தாளின் உச்சியில் இயக்ககத்தின் முத்திரையும் ‘மிக ரகசியம்’ என்ற வார்த்தையும்.

“காலி பண்ணிட்டாங்க,” என்றான் ட்வீசர்.

“எங்க?”

“தெரியாது.”

அந்த ஆள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் படித்தான். தேன் வற்றிவிட்டிருந்தது. பிறகு எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டான். மத்தியானம்வரை நின்றான்.

மத்தியானம் இயக்ககத்தின் வண்டி வந்தது. பிரிவு அலுவலரும் கூட இரண்டு பேரும் இறங்கினார்கள். குற்றங்கள் இரண்டு. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியது, அரசு சான்றளித்த ஒரிஜினல் மென்பொருளைத் திருட்டு என்று பரப்பியது. அலுவலர் படிக்கப் படிக்க, ஒருவர் ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டில் அரக்கை உருக்கினார். மருந்துக்கடையிலிருந்து மனைவி வந்து ட்வீசரின் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் அந்தக் காலாவதித் தேதி பார்க்கிற பார்வை இப்போது இல்லை.

எல்லாம் முடிந்தபின் அலுவலர் இன்னொரு தாளை எடுத்தார். நீங்கள் பீதியைக் கிளப்பியதால் ஒரு பெண்மணி வீட்டைக் காலி செய்ததாகத் தெரிகிறது, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவருடைய வாக்குமூலம் கோப்புக்குத் தேவை என்றார். பேனாவைத் திறந்தார்.

“புது முகவரி சொல்லுங்க. எங்க போயிருக்காங்க?”

எதிர்ச்சாரியில் நின்றிருந்த கட்டம்போட்ட சட்டை ஒரு அடி முன்னால் வந்தது.

“தெரியாது சார்.”

“உங்ககிட்ட சொல்லாமலா போனாங்க?”

“சொல்லல சார்.”

“ஏன் சொல்லல? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலி விட முடியாது.”

“என்மேல நம்பிக்கை இல்ல சார்.”

அலுவலர் ஒவ்வொரு எழுத்தாக அதைக் கட்டத்துக்குள் எழுதினார். இது நீங்களே கொடுத்த வாக்குமூலம், பின்னால் மாற்ற முடியாது என்று எச்சரித்துத் தாளை நீட்டினார். ட்வீசர் பேனாவை வாங்கினான். படித்துப் பார்த்தான். அந்த இயக்ககத்துக்காக அவன் போட்ட கையெழுத்துகளில் கை நடுங்காமல் போட்டது அது ஒன்றுதான்.